ஞாயிற்றுக்கிழமைத் தலையிடி

எங்கள் வீட்டு விறகடுப்பை முதன்முதலாக மூட்டியவர் என் கணவர். அதற்கு முன்னர் அவர் தன் வாழ்நாளில் ஓர் அடுப்பையும் மூட்டியது கிடையாது. யாழ்ப்பாணத்தில் அடுப்பு மூட்டியவர்கள் அவருடைய அம்மாவும் அக்காவும். இவர் செய்ததெல்லாம் அதில் வெந்ததைச் சாப்பிட்டது மட்டும்தான். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு, நெருப்பைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று அவர் அந்த ஹோலுக்குள் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. நோர்வேக்காரர் எங்கள் நாட்டுக்குச் சமாதானம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒஸ்லோத் தமிழரோ கோயிலிலும் கலியாண வீட்டிலும் அதை மறந்துவிட்டுக் கரண்ட் பில்லைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படியொரு குளிர்காலத்துக்குச் சற்று முன்புதான் நாங்கள் மாடிக் குடியிருப்பை விட்டு, ஒஸ்லோவின் ஓரத்திலுள்ள பியோர்ண்டாலில் வரிசை வீடொன்றுக்கு வந்தோம். வீடு பார்க்கப் போன அன்று நான் குசினியைப் பார்த்தேன், மகளுக்கு ஓர் அறை இருக்கிறதா என்று பார்த்தேன். இவர் ஹோல் மூலையில் நின்ற கறுப்பு இரும்பு அடுப்பை மட்டும் பார்த்தார். பெண் பார்க்க வந்தபோது என்னைக்கூட அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

வீட்டை விற்றவர் வயதான நோர்வேக்காரர். பாவம், நல்ல மனிதர். அடுப்புக்கு முன்னால் முழங்காலில் இருந்து எல்லாவற்றையும் காட்டினார். காய்ந்த விறகாக இருக்க வேண்டும், காற்று வரும் வழியை நன்றாகத் திறந்துவைத்துச் சுள்ளென்று எரிக்க வேண்டும், சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில்தான் கொட்ட வேண்டும். பிறகு எழுந்து, சுவரில் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் காற்றுத் துவாரங்களைக் காட்டி, இவற்றை ஒருபோதும் மூடாதீர்கள், அடுப்பும் மூச்சு விட வேண்டும் என்றார். என் கணவர் ஒவ்வொன்றுக்கும் “ஜா, ஜா” என்று தலையாட்டினார். கார் ஏறிக் கதவைச் சாத்தியவுடன் வாயைத் திறந்தார்.

“இவங்கள் எங்களுக்கு அடுப்பெரிக்கப் படிப்பிக்கினம், பாத்தீரே? நான் பாட்ஸ்பியோர்ட்டிலை மீன் வெட்டினவன். எனக்குக் குளிரைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்!”

பாட்ஸ்பியோர்ட் அவருக்கு ஒரு பட்டம் மாதிரி. வந்த புதிதில் வடமுனையிலுள்ள அந்தக் கடற்கரை ஊரில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே ஆட்களைக் குடிவைத்திருந்த விடுதியில் கரண்ட் ஹீற்றர்தான் இருந்தது என்று அவருடன் வேலை செய்த ஒருவர் பின்னாளில் எனக்குச் சொன்னார். விறகடுப்பு என்ற பேச்சே இல்லையாம்.

குடிபுகுந்த கையோடு இவர் செய்த முதல் வேலை, அந்தக் காற்றுத் துவாரங்களுக்குள் பழைய காலுறைகளைத் திணித்து, மேலே வெள்ளி நிறச் செலோரேப்பால் ஒட்டியது. “ஒரு பக்கத்தாலை சூடாக்கி மற்றப் பக்கத்தாலை வெளியிலை விடுறதோ? விசரோ இவங்களுக்கு?” என்றார். அடுத்ததாக, விறகு கனநேரம் நின்று எரிய வேண்டும் என்று அடுப்பின் காற்று வழியையும் பாதிக்கு மேல் சாத்திவைத்தார். அவர் கொண்டுவந்த விறகு, எங்கேயோ தெருவோரம் வெட்டிப் போட்டிருந்த ஈரப் பேர்ச் மரம். அது எரியாது, சீறும். அடுப்புக் கண்ணாடி வாரம் முடிவதற்குள் கறுத்துப்போனது. “அது அப்பிடித்தான், பழகப் பழகச் சரிவரும்” என்றார்.

கூரையில் இருந்த புகை அலாரம் நான் முதல்நாள் கடுகு தாளித்தபோதே அலறியது. நோர்வேயில் இருக்கும் எந்தத் தமிழ் வீட்டிலும் அது இரண்டாம் முறை அலறியதாக நான் கேள்விப்படவில்லை. எங்களுடையதன் பற்றரியும் அன்றே கழற்றப்பட்டு மேசை லாச்சிக்குள் போனது.

இனிக் குசினி ஃபேனின் கதையைச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் தனியாக ஒரு நோர்வே மனுசி இருந்தார். ஒருநாள் நான் குப்பை போடப் போனபோது சிரித்துக்கொண்டு, “உங்கள் வீட்டிலிருந்து நல்ல மணம் வருகிறது” என்றார். நான் சந்தோசமாக வந்து வீட்டில் சொன்னேன். இவருடைய முகம் விழுந்துவிட்டது.

“உமக்கு இந்தச் சனத்தைத் தெரியாது. நல்ல மணம் எண்டு சொன்னா, தாங்கேலாமல் கிடக்கு எண்டு அர்த்தம். இவங்கள் நேரை சொல்லமாட்டாங்கள்.”

“அந்த மனுசி சிரிச்சுக்கொண்டுதானே சொன்னவ?”

“அதுதான் சொல்லுறன்! சிரிச்சா இன்னும் மோசம்.”

இருபது வருடம் மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ்ந்த சமூகம் நாங்கள். எங்கள் மூக்கையல்ல, அவர்களுடைய மூக்கை. வேலைக்குப் போகும் உடுப்பை அறைக்குள் பூட்டிவைத்துவிட்டுச் சமைப்போம். மீன் பொரிப்பதென்றால் பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நாள் பார்ப்போம். இத்தனைக்கும் ஒருவரும் ஒரு நாளும் வந்து முறையிட்டதில்லை. ஆனாலும் அந்த நல்ல வார்த்தைக்குப் பயந்து, இவர் கரண்ட் அடுப்புக்கு மேலே இருந்த சின்ன ஃபேனைக் கழற்றிவிட்டு, சாப்பாட்டுக்கடைக்குப் பூட்டுகிற மாதிரிப் பெரியதொன்றைப் பூட்டினார். போட்டால் ஹோலில் ஆள் கதைப்பது கேட்காது. வாசல் கதவைத் திறக்க இரண்டு கையால் இழுக்க வேண்டும், அப்படி வீட்டுக் காற்றை எல்லாம் உறிஞ்சும். அதைப் பார்த்து இவர் பெருமைப்பட்டார்.

எனக்கு முதியோர் இல்லமொன்றில் வேலை. வாரநாளில் மாறி மாறி ஷிஃப்ட். ஞாயிறுதான் கிழமை முழுவதற்கும் சேர்த்துச் சமைக்கிற நாள், தூள் வறுக்கிற நாள், ஆட்கள் வருகிற நாள். காலையில் இவர் விறகடுப்பை மூட்டிவிடுவார். நான் ஃபேனைப் போட்டுவிட்டு மல்லி, மிளகாய், சோம்பு என்று வறுக்கத் தொடங்குவேன். மத்தியானமாகும்போது எனக்குத் தலை இடிக்கத் தொடங்கும். நெற்றியைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்குவது மாதிரி ஓர் இடி. வயிற்றைப் பிரட்டும். கால் சோர்ந்து போகும்.

இந்தத் தலையிடிக்கு ஒஸ்லோத் தமிழ்ச் சமூகம் முழுவதும் வைத்தியம் சொன்னது. இவர் “நீர் தண்ணி குடிக்கிறேல்லை” என்றார். மகளின் பள்ளிக்கூடத்தில் பழக்கமான, சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த ஒரு பெண் “அக்கா, வைட்டமின் டி செக் பண்ணிடுங்க, இங்க எல்லாருக்கும் கம்மிதான்” என்றாள். டொக்டர் வழக்கம்போல் பனடோல் சொன்னார், பிறகு வெளியே நடக்கச் சொன்னார். நோர்வேயில் தலை வெட்டுப்பட்டுப் போனாலும் நடக்கத்தான் சொல்வார்கள்.

எரிச்சலுடன்தான் நடந்தேன். ஆனால் நடந்தால் தலையிடி போய்விட்டது! காட்டோரப் பாதையில் போய் வர, தலை கழுவிவிட்டது போல ஆனது. வீட்டுக்கு வந்து உலையை வைத்து நின்றால் திரும்பவும் இடி. வேலைக்குப் போனால் இல்லை. வீட்டில் நின்றால் உண்டு. ஞாயிற்றுக்கிழமை என்றால் கட்டாயம் உண்டு.

இதைக் கேட்டால் நீங்கள் என்ன முடிவுக்கு வருவீர்கள்? எங்கள் ஆட்கள் வந்த முடிவு வேறு. பஞ்சி. சமைக்கச் சோம்பல். இவர் வருகிற ஆட்களுக்கு முன்னால் அதை ஒரு பகிடியாக்கினார். “எங்கடை வீட்டிலை ஒரு புது வருத்தம். உலை கொதிக்கத் தலையிடி வரும், சப்பாத்துப் போடச் சுகமாகும்.” எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரு வயதான தம்பதி இரகசியமாக என்னைக் கூப்பிட்டு, வீட்டில் ஏதும் மனக்கசப்போ, வேணுமென்றால் நாங்கள் அவரோடு கதைக்கிறோம் என்றார்கள். மனக்கசப்பு அப்போது இருக்கவில்லை. அவர்கள் போன பிறகுதான் தொடங்கியது.

வந்த ஆட்கள் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்த்துப் புகழ்வார்கள். பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். இவர் ஒரு கட்டையை உள்ளே வைத்துக் காட்டி, காற்று வழியை இன்னும் கொஞ்சம் சாத்தி, “இரவு வரைக்கும் நிக்கும்” என்பார். நான் குசினிக்குள் நெற்றியில் ஓடிக்கொலோன் பூசிக்கொண்டு அவர்களுக்கு வடை சுட்டுக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு விறகே தேவைப்பட்டிருக்காது.

பிறகு ஒரு ஞாயிறு. மகளுக்கு அப்போது ஏழு வயது. துருதுருவென்ற பிள்ளை, ஓரிடத்தில் இருக்காது. அன்று அது மத்தியானம் அடுப்புக்கு முன்னால் சோஃபாவில் சுருண்டு படுத்துக்கொண்டது. சாப்பிடக் கூப்பிட்டேன், சத்தி வருகிறது என்று வாயைப் பொத்தியது. முகம் வெளிறிக் கிடந்தது. நெற்றியைத் தொட்டேன், காய்ச்சல் இல்லை. “பள்ளிக்கூடத்திலை உந்தச் சத்தி வருத்தம் பரவுதாம். போர்த்துக்கொண்டு சூட்டிலை படுக்கட்டும்” என்றார் இவர். போர்வையொன்றைக் கொண்டுவந்து மூடிவிட்டு, அடுப்புக்குள் இன்னொரு கட்டையும் வைத்தார்.

அன்று என் மச்சாளும் வந்திருந்தார். இவருடைய அக்கா, பக்கத்துத் தெருவில் இருப்பவர். ஊரில் என் கணவருக்கும் சேர்த்து அடுப்பு மூட்டியவர் அவர்தான். அவருக்கு என்னையும் பிள்ளையையும் பார்த்தவுடனேயே விசயம் விளங்கிவிட்டது.

“கண்ணூறு! வாற போறவைக்கெல்லாம் அடுப்பைக் காட்டிக் காட்டி, தாயும் பிள்ளையும் படுத்துப் போட்டியள். செத்தல் மிளகாயும் உப்பும் கொண்டு வாரும்.”

மாடிக் குடியிருப்பில் இருந்த காலத்தில் மச்சாள் கண்ணூறு கழிப்பது கரண்ட் அடுப்பில், தாச்சிச் சட்டிக்குள். அதில் அவருக்கு மனம் நிறைவதேயில்லை. இப்போது உண்மையான நெருப்பே வீட்டில் இருக்கிறது. மனுசி ஒரு கை நிறையச் செத்தல் மிளகாயும் கடுகும் உப்பும் எடுத்து, என்னைப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருத்தி, இரண்டு பேருக்கும் சேர்த்துச் சுற்றி, “துப்பு” என்றார். நான் துப்பினேன். பிள்ளை அரைக்கண் திறந்து பார்த்தது, துப்பவில்லை. மச்சாள் எல்லாவற்றையும் அடுப்புக்குள் போட்டுக் கதவை இறுக்கிச் சாத்தினார்.

இந்தச் சடங்கின் கணக்கு எல்லோருக்கும் தெரியும். மிளகாய் எரிந்து மணம் கமறினால் கண்ணூறு இல்லை. கமறாவிட்டால் இருந்தது, அது கழிந்தது. இரும்பு அடுப்புக்குள் போட்டுக் கதவைச் சாத்தினால் மணம் எப்படி வரும்? எல்லாம் புகைபோக்கியால் மேலே போய்விடும். அந்த முறைப்படி பார்த்தால் ஒஸ்லோவில் விறகடுப்பு வைத்திருக்கும் அவ்வளவு பேருக்கும் கண்ணூறுதான். மச்சாள் வெற்றியோடு கையைத் தட்டிக்கொண்டு நின்றார்.

மணம் வந்தது. கொஞ்ச நஞ்சமல்ல. கண் எரிந்து, தொண்டை கமறி, மூன்று பேரும் இருமத் தொடங்கினோம். மச்சாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “கண்ணூறு இல்லை... ஒண்டுமில்லை...” என்று ஏமாற்றத்தோடு இருமினார். இவர் இருமலுக்குள்ளும் சிரித்தார். “நான் அப்பவே சொன்னனான், பஞ்சிதான்!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருமிக்கொண்டே அடுப்பைப் பார்த்தேன். கதவு சாத்தியிருக்கிறது. மேலே புகைபோக்கி இருக்கிறது. பிறகு இந்த மிளகாய் ஏன் ஹோலுக்குள் வருகிறது?

“இஞ்சாருங்கோ, அடுப்புக்குள்ளை போட்ட மிளகாய் வெளியாலை எல்லோ போகோணும்? ஏன் எங்கடை மூக்குக்கை வருது?”

“அது சும்மா கதவு துறக்கேக்கை வந்தது.”

கறுத்த கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். உள்ளே சுவாலை மேலே எழும்பவில்லை. தணல் மட்டும் சிவந்து கிடந்தது. கதவின் விளிம்பால் மெல்லிய புகை நூல் நூலாக எங்கள் பக்கம் வந்து, குசினியை நோக்கிப் போனது. குசினியில் ஃபேன் முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது. நான் ஓடிப்போய் அதை நிற்பாட்டினேன். திரும்பி வந்தேன், புகை வருவது குறைந்திருந்தது. திரும்பவும் ஃபேனைப் போட்டேன். திரும்பவும் எங்கள் பக்கம் வந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காற்று வரும் துவாரமெல்லாம் அடைத்த வீட்டில், ஃபேன் காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அது வேறெங்கிருந்து காற்றை எடுக்கும்? புகைபோக்கிக்குள்ளால் எடுக்கிறது. மேலே போக வேண்டியதெல்லாம் ஞாயிறு தவறாமல் எங்கள் ஹோலுக்குள் இறங்கியிருக்கிறது. சுவாலை இருக்கும்போது வந்த புகை, தூள் வறுக்கிற மணத்தில் தெரியவில்லை. தணலிலிருந்து வருகிற நச்சுவாயுவுக்கு மணமே இல்லை. அதை முகர்ந்து பார்க்க மச்சாளின் மிளகாய் வேண்டியிருந்தது.

“பிள்ளை!” என்று கத்தினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், தோளைப் பிடித்து உலுப்பினேன். கண்ணைத் திறந்தது, என்னைப் பார்த்தது, ஆனால் பார்வை என்மேல் நிற்கவில்லை. கழுத்து துவண்டு விழுந்தது. என் தெய்வமே! அப்படியே போர்வையோடு அள்ளித் தூக்கிக்கொண்டு, வாசல் கதவைக் காலால் நெம்பித் திறந்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து இவருடைய குரல் வந்தது.

“கதவைச் சாத்தும்! சூடெல்லாம் வெளியாலை போகுது!”

பக்கத்து வீட்டு மனுசி பனி வழித்துக்கொண்டு நின்றவர், என்னையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். வெறுங்காலோடு நின்ற என்னைத் தன் வாசலுக்குள் இழுத்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் அம்புலன்சுக்கு அடித்தார். எங்கள் வீட்டுக்குள்ளிருந்து அப்போது வந்த மிளகாய்க் கமறலைப் பற்றி அந்த மனுசி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்றைக்கு என் கணவரைக் கேட்டால் இந்தக் கதையை வேறு மாதிரிச் சொல்வார். எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரிலுள்ள காற்றுத் துவாரத்தைப் பார்ப்பார். “வென்டில் துறந்திருக்கோ? ஃபேன் போடேக்கை ஜன்னலைத் துறக்கிறனியளோ? புகை அலாரத்துக்குப் பற்றரி கிடக்கோ? நச்சுவாயு அலாரம் வேறை வாங்கோணும், தெரியுமோ? புகைபோக்கி துப்பரவாக்க ஆள் வந்தவரோ?” என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். காய்ந்த விறகின் அருமை பற்றி அவர் கதைக்கத் தொடங்கினால் தேத்தண்ணி ஆறிவிடும். “எங்கடை வீட்டிலை ஒருக்கா நடந்தது, நல்லகாலம் கண்டுபிடிச்சம்” என்பார். யார் கண்டுபிடித்தது என்று சொல்லமாட்டார். நான் குறுக்கே பேசுவதில்லை. அந்த வீடுகளில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்காகப் புளுகினாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுவேன்.

ஆனால் அன்று ஆஸ்பத்திரியில் அவர் கதைக்கவில்லை. பிள்ளைக்கும் எனக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கும் முகத்தில் ஒட்சிசன் முகமூடியைப் போட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் அந்தச் சோஃபாவில் படுத்திருந்தால் என்று டொக்டர் தொடங்கி, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மெல்ல மெல்லப் பிள்ளையின் உதட்டுக்கு நிறம் வந்தது. தண்ணீர் கேட்டது. கட்டிலோரம் நின்ற நேர்ஸ் குனிந்து, தலை இடித்ததா என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள். ஓமென்று தலையாட்டியது.

“இன்றைக்கு மட்டுமா?”

“இல்லை. நத்தார்ப் பண்டிகைக்கு முன்பும் இடித்தது. எல்லா ஞாயிற்றுக்கிழமையும்.”

“அம்மாவிடமோ அப்பாவிடமோ சொன்னாயா?”

பிள்ளை முகமூடியைக் கையால் கொஞ்சம் விலக்கியது. “சொல்லவில்லை. தலையிடிக்குது என்று சொன்னால் எங்கள் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள்” என்றது. முறைப்பாடாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சோறு சாப்பிடுவோம் என்று சொல்வது மாதிரிச் சொன்னது.

நேர்ஸ் நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். இவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. கலியாணம் செய்து அத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் ஆறுதல் சொல்லப் போகவில்லை. அழட்டும் என்று விட்டேன். என் முகமூடியைக் கழற்றிவிட்டுப் பிள்ளையின் கட்டிலுக்குப் போய், அதன் காதோரம் குனிந்தேன்.

“இனி எங்கை நொந்தாலும் அம்மாட்டைச் சொல்லோணும். ஆர் சிரிச்சாலும் சொல்லோணும். விளங்குதோ?”

“ஓம்” என்றது. சுவரோடு நின்ற அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தியது.

“அம்மா, இப்பவும் இடிக்குது.”